நூலகத்துக்குப் பொறுப்பு யார்?

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதலில் ஒப்படைக்கப்படும் வேலை பிரதேச நிருபர்களின் செய்திகளைச் செம்மைப்படுத்துவதாகும். தபாலில் வந்து சேரும் அந்தக் கடதாசிக் கட்டில் வாரந்தவறாமல் ஒரு வகைச் செய்தி இருக்கும். இன்ன ஊர்ச் சனசமூக நிலையத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் இன்ன திகதி வாசிகசாலை மண்டபத்தில் நடைபெற்றது. பழைய நிர்வாக சபை கலைக்கப்பட்டுப் புதிய நிர்வாக சபை தெரிவு செய்யப்பட்டது. தலைவர் இன்னார், செயலாளர் இன்னார், பொருளாளர் இன்னார் என்று பெயர்ப் பட்டியல் நீளும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பட்டியல்தான். நானும் தயக்கமின்றி வெட்டியிருக்கிறேன். மறுநாள் தொலைபேசியில் ஒரு குரல் வரும்: "தம்பி, என்ரை பேரை ஏன் விட்டனீங்கள்?"

அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஒரு கொட்டகை, நாலு வாங்கு, இரண்டு பத்திரிகை, ஓர் அலுமாரிப் புத்தகங்கள். இவ்வளவே சொத்தாக இருந்த ஒரு வாசிகசாலையை யார் பொறுப்பேற்பது, யார் யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு நமது கிராமங்கள் ஒழுங்கான விடை வைத்திருந்தன. முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கணக்கு வாசித்தார்கள், சாவியைக் கைமாற்றினார்கள். ஆனால் நமது மிகப் பெரிய நூலகமான யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பொறுத்தவரை அதே கேள்விக்கு இன்றுவரை உறுதியான விடை கிடைக்கவில்லை. அந்த நூலகம் எரிக்கப்பட்ட கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். அதனைக் காக்கும் பொறுப்பு யார் யாரிடம் எவ்வாறு மாறியது என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறேன்.

நூலகத்தின் தொடக்கம் ஒரு தனி மனிதரின் வீடு. கே. எம். செல்லப்பா 1933 ஆம் ஆண்டில் தம்மிடமிருந்த புத்தகங்களை ஊரவருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். தமிழில் ஓர் இலவச மத்திய நூலகம் வேண்டும் என்று அவர் விடுத்த வேண்டுகோளுக்குப் பலன் கிடைத்தது. 1934 ஜூன் மாதத்தில் பிரமுகர்கள் கூடி ஒரு குழுவை அமைத்தார்கள். செல்லப்பா அதன் செயலாளரானார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், ஆயிரத்துக்கும் குறைவான நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது.

இந்த 1934 ஆம் ஆண்டுக் குழுவை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். நூலகம் என்ற ஒன்றுக்காகவே மனிதர்கள் கூடி, நூலகம் என்ற ஒன்றுக்காகவே பொறுப்பாளரைத் தெரிவு செய்த தருணம் அது. அவர்கள் கையில் தெருவிளக்கு இல்லை, வடிகால் இல்லை, சந்தைக் குத்தகை இல்லை. புத்தகங்கள் மட்டுமே இருந்தன.

ஆனால் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. வாடகை, சம்பளம், புதிய நூல்கள் என்று செலவு வளர்ந்தபோது நன்கொடையும் சந்தாவும் போதவில்லை. 1935 ஆம் ஆண்டில் நூலகம் நகர சபையிடம் கையளிக்கப்பட்டது. அதில் தவறொன்றும் இல்லை. வரிப்பணத்தில் நடக்கும் நூலகம் மக்கள் தெரிவு செய்த சபையிடம் இருப்பதே முறை. ஆயினும் அந்தக் கையளிப்போடு ஒரு மாற்றம் சத்தமின்றி நிகழ்ந்தது. அதுவரை நூலகத்துக்கென்று தெரிவான பொறுப்பாளர்கள் இருந்தார்கள். அதன் பின்னர் சபைக்குத் தெரிவானவர்களே நூலகத்துக்கும் பொறுப்பாளர்கள் ஆனார்கள். சபை வந்தால் அவர்கள் வருவார்கள். சபை போனால் அவர்களும் போவார்கள்.

1949 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. முதல்வர் சாம் ஏ. சபாபதியின் முயற்சியில் 1952 ஆம் ஆண்டில் நூலகக் கட்டடத்துக்காக ஒரு குழு மீண்டும் அமைந்தது. சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகளார் அதன் உயிர்நாடியாக விளங்கினார். களியாட்ட விழா நடத்திப் பணம் திரட்டினார்கள். 1954 மார்ச் 29 ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடத்துக்குத் திட்டம் வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன். 1959 ஒக்டோபர் 11 ஆம் திகதி அன்றைய முதல்வர் அல்பிரட் துரையப்பா நூலகத்தைத் திறந்து வைத்தார்.

இரங்கநாதனின் பெயரைக் கண்டவுடன் ஒரு விடயம் மனதை உறுத்துகிறது. அவரது முயற்சியால் 1948 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய முதற் சட்டம் அதுதான். நூலகங்களுக்கென்று தனி வரி, அந்த வரியைக் கையாள மாவட்டந்தோறும் தனி ஆணைக்குழு என்பது அதன் அடிப்படை. நாம் அவரிடமிருந்து ஒரு சிறந்த நூலகம் எப்படி அமைய வேண்டும் என்ற அறிவைப் பெற்றுக்கொண்டோம். நூலகத்தைத் தாங்கும் நிர்வாகத்தைத் தனியே நிறுத்தும் வழியைப் பெற்றுக்கொள்ளவில்லை. நிதி திரட்டிக் கட்டடம் எழுப்பிய குழுவினரின் பணி கட்டடத்தோடு நிறைவுற்றது. சாவி மாநகர சபையிடம் இருந்தது.

1981 மே 31 ஆம் திகதி இரவு தொடங்கி நடந்த கொடுமை உலகறிந்தது. பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த காடையரும் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் மீளப் பெறமுடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. எந்த நிர்வாக சபை இருந்திருந்தாலும் அந்தத் தீயைத் தடுத்திருக்க முடியாது. அதனை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனது கேள்வி தீயைப் பற்றியதன்று. தீக்குப் பிந்திய காலத்தைப் பற்றியது.

எரிந்த நூலகத்துக்கு உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நூல்களும் நிதியும் வந்தன. 1984 ஆம் ஆண்டில் ஒரு பகுதி மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் அதற்கிடையில் அதன் சட்டபூர்வப் பொறுப்பாளர்கள் மறைந்துவிட்டார்கள். 1979 ஆம் ஆண்டில் தெரிவான மாநகர சபையின் காலம் முடிந்தது. 1983 மே மாதத்தில் நடந்த உள்ளூராட்சித் தேர்தல் பகிஷ்கரிப்பிலும் வன்முறையிலும் பெயரளவில் முடிந்தது. இயங்கும் சபை ஒன்று உருவாகவில்லை. அடுத்த தேர்தல் நடந்தது 1998 ஜனவரி 29 ஆம் திகதி. கோட்டைக்கு அருகிலிருந்த நூலகம் போரில் மேலும் சிதைந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அதற்காகக் குரல் கொடுக்க ஊர் தெரிவு செய்த பொறுப்பாளர் எவரும் பதவியில் இருக்கவில்லை.

1998 ஆம் ஆண்டில் வந்த சபையின் கதை இரத்தத்தில் எழுதப்பட்டது. முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் மே 17 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்ரெம்பர் 11 ஆம் திகதி குண்டுவெடிப்பில் உயிரிழந்தார். நூலக மீள்நிர்மாணம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கட்டடத்தில் சுவர் எழும்பிக்கொண்டிருக்க, அதற்குப் பொறுப்பான கதிரையில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தார்கள்.

பின்னர் 2003 ஆம் ஆண்டு வந்தது. மீளக் கட்டப்பட்ட நூலகத்தைப் பெப்ரவரி 14 ஆம் திகதி திறப்பதென்று மாநகர சபை தீர்மானித்தது. விடுதலைப் புலிகளும் மாணவர் அமைப்புகளும் அதனை எதிர்த்தன. பணிகள் முழுமையடையவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. முதல்வர் செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதே எதிர்ப்பின் உட்காரணம் என்று மறுதரப்பினர் கூறினர். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. எது உண்மையாயினும் விளைவு ஒன்றுதான். முதல்வரும் உறுப்பினர்களும் பதவி விலகினார்கள். விழா நடக்கவில்லை. அடுத்த ஆண்டில் நூலகம் ஆரவாரமின்றி வாசகர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை அரசியலாகவே எல்லோரும் எழுதினோம். நூலக நிர்வாகம் என்ற கோணத்தில் எவரும் பார்க்கவில்லை. ஒரு திறப்பு விழாத் தகராறில் நூலகத்தின் பொறுப்பாளர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் இல்லாமற் போனார்கள். அடுத்த மாநகர சபைத் தேர்தல் 2009 ஓகஸ்ட் மாதத்திலேயே நடைபெற்றது. அந்தச் சபை 2014 இல் முடிந்தது. அடுத்தது 2018 இல் வந்து 2023 மார்ச் மாதத்தில் கலைந்தது. அதற்கடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் திகதி நடந்தது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1983 முதல் 2025 வரையான 42 ஆண்டுகளில் யாழ்ப்பாண மாநகரில் தெரிவு செய்யப்பட்ட சபை இருந்தது ஏறக்குறைய 15 ஆண்டுகளே. எஞ்சிய 27 ஆண்டுகளும் நூலகத்தைக் கொண்டு நடத்தியவர்கள் ஆணையாளர்களும் நூலகர்களும் சிற்றூழியர்களுமே. அவர்களுக்கு நாம் நன்றிக் கடன்பட்டுள்ளோம். ஆயினும் ஓர் உத்தியோகத்தர் எவ்வளவு நல்லவராயினும் இடமாற்றக் கடிதம் வரும் நாளில் போகவேண்டியவர். அவரை நியமித்தவர் மேலே இருக்கிறார். நூலகத்துக்கு வரும் ஊரவர் அவரை நியமிக்கவுமில்லை, அவரிடம் கணக்குக் கேட்கவும் முடியாது.

எரிந்த நகரம் ஒன்று இந்தக் கேள்விக்கு வேறு விதமாக விடை கண்ட வரலாறு உண்டு. அதனை அறிந்த நாள் முதல் நமது கதையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அது அமெரிக்காவின் சிக்காகோ.

1871 ஒக்டோபர் மாதத்தில் ஏற்பட்ட பெருந்தீ அந்நகரின் மையத்தை அழித்தது. அது விபத்து, நமது தீயோ வைக்கப்பட்டது. அந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. தீயில் சந்தா நூலகங்களும் அழிந்த செய்தி கேட்டு இங்கிலாந்தில் தோமஸ் ஹியூஸ் என்ற எழுத்தாளர் நூல் திரட்டினார். விக்டோரியா மகாராணி முதல் கவிஞர் ரெனிசன் வரை பலரும் அனுப்பினார்கள். 8,000 இற்கும் அதிகமான நூல்கள் சேர்ந்தன. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அவற்றைப் பெற்றுக்கொள்ள சிக்காகோவில் இலவசப் பொது நூலகம் என்று ஒன்று முன்னரும் இருக்கவில்லை. புத்தகம் உண்டு, பொறுப்பாளர் இல்லை. ஆகவே 1872 மார்ச் மாதத்தில் இலினோய் மாநிலச் சட்டமன்றம் நூலகச் சட்டமொன்றை நிறைவேற்றியது.

அந்தச் சட்டத்தின் ஏற்பாடுகள் எளிமையானவை. நூலகத்துக்கு ஒன்பது பொறுப்பாளர்கள். நகர முதல்வர் நியமிப்பார், நகர சபை அங்கீகரிக்க வேண்டும். ஆனால் நகர சபை உறுப்பினர் ஒருவருக்கு மேல் அந்த ஒன்பது பேரில் இருக்கக்கூடாது. பதவிக் காலம் மூன்று ஆண்டுகள். முதற் கூட்டத்தில் ஒன்பது பேரும் சீட்டுக் குலுக்கி, மூவர் ஓராண்டிலும் மூவர் ஈராண்டிலும் மூவர் மூன்றாண்டிலும் விலகவேண்டும். அதன் பின்னர் ஆண்டுதோறும் மூவர் போவார்கள், மூவர் வருவார்கள். எவராவது இடையில் இறந்தாலோ விலகினாலோ அதே முறையில் வெற்றிடம் நிரப்பப்படும். கடமை தவறியவரையும் முறைகேடு செய்தவரையும் முதல்வர் சபையின் சம்மதத்தோடு நீக்கலாம். சம்பளம் கிடையாது. நூலக வரியாகச் சேரும் பணம் தனிக் கணக்கில் இருக்கும். அதைச் செலவிடும் அதிகாரம் அந்த ஒன்பது பேருக்கே உரியது.

இந்த ஏற்பாட்டின் சாரம் சீட்டுக் குலுக்கலில் இருக்கிறது. எந்த ஒரு நாளிலும் பொறுப்பாளர் அனைவரும் ஒன்றாகப் புதியவர்களாகவோ ஒன்றாக இல்லாதவர்களாகவோ ஆக முடியாது. புதிதாக வரும் மூவருக்கு நூலகத்தின் கதையைச் சொல்லப் பழைய அறுவர் இருப்பார்கள். புதிய முதல்வர் ஒருவர் பதவியேற்றால் முதலாண்டில் மூன்று கதிரைகளையே அவரால் நிரப்ப முடியும். 1873 ஜனவரி முதலாம் திகதி, தீயில் தப்பிய ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தாங்கிக்குள் அந்த நூலகம் திறக்கப்பட்டது. கட்டடம் பின்னால் வந்தது. பொறுப்பாளர்கள் முன்னரே வந்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும் ஒருவர், அமெரிக்க முறை குறைபாடற்றதா என்று கேட்கலாம். இல்லை. 1927 ஆம் ஆண்டில் அதே சிக்காகோவில் வில்லியம் ஹேல் தொம்சன் என்ற முதல்வர் பிரித்தானிய எதிர்ப்பை அரசியலாக நடத்தினார். அவரது நண்பரும் நூலகச் சபை உறுப்பினருமான ஊர்பைன் ஹேர்மன், நூலகத்திலுள்ள பிரித்தானிய ஆதரவு நூல்களை எடுத்து ஏரிக்கரையில் கொளுத்தப் போவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். நூல்களைக் காக்க நியமிக்கப்பட்டவரே நூல்களை எரிக்கக் கிளம்பினார்! ஆங்கிலேயர் அனுப்பிய நூல்களால் தோன்றிய நூலகம் என்பதும் அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை. நல்லகாலமாக எந்த நூலும் எரியவில்லை. நாடு முழுவதும் நகைத்தது. நண்பரை நியமிக்கும் முதல்வர் எங்கும் இருப்பார். ஒன்பது பேரில் அவர் ஒருவர் மட்டுமே என்பது ஓர் ஆறுதல்.

மறுபுறத்தில், எப்போதும் மாறாத பொறுப்பாளர்களால் வரும் ஆபத்தை யாழ்ப்பாணத்தாருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் போகும் தர்மகர்த்தா உரிமை, அதற்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கு, பூட்டிய கோயில், நின்றுபோன தேர் என்பவற்றை நாம் நன்கறிவோம். எனவே நூலகத்தை அரசியலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி நாலைந்து பெரியவர்களிடம் ஆயுட்காலத்துக்கு எழுதிக் கொடுப்பதும் விடையாகாது. அப்படிப்பட்ட ஒரு குழுவில் யாருடைய பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும், யாருடைய பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்பதும் நமக்குத் தெரியும். மக்கள் தெரிவு செய்த சபையின் அங்கீகாரம் வேண்டும். ஆனால் அந்தச் சபையோடு சேர்ந்து மூழ்கக்கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியையே தேடவேண்டும்.

நமது நாட்டின் சட்டங்களில் அதற்கு இடமில்லையா என்று கேட்டால், தேசிய மட்டத்தில் ஒரு சபை இருக்கிறது. 1970 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நூலக சேவைகள் சபை உருவானது. 1998 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தால் அது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையாகியது. ஆனால் உள்ளூர் நூலகத்தின் உரிமையாளர் உள்ளூராட்சிச் சபைதான். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இயங்குகிறது. அது நல்ல காரியம். நூல் வெளியீடு வைப்பார்கள், வாசிப்பு மாதம் கொண்டாடுவார்கள். பணத்தின் மீதோ நியமனத்தின் மீதோ அதற்கு அதிகாரமில்லை. சபை கலைந்த மறுநாள் ஆணையாளரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "இந்த ஆண்டு நூல் வாங்க ஒதுக்கிய பணம் எங்கே?" என்று கேட்கும் உரிமை அதற்கில்லை.

அந்த உரிமை உள்ள ஏழெட்டுப் பேர் வேண்டும் என்பதே எனது வாதம். மாநகர சபை நியமிக்கட்டும். ஆசிரியரும் நூலகரும் எழுத்தாளரும் வாசகரும் அதில் இருக்கட்டும். சபை உறுப்பினர் ஓரிருவருக்கு மேல் வேண்டாம். ஆண்டுக்கு இருவர் விலகி இருவர் வரட்டும். சபை கலைந்தாலும் அவர்களது காலம் முடியும்வரை அவர்கள் தொடரட்டும். நீக்குவதானால் காரணத்தை எழுத்தில் சொல்லி நீக்கட்டும். ஆண்டுக்கொருமுறை நூலக மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் கணக்கு வாசிக்கட்டும். இதனால் எந்தத் தீயும் அணையாது என்பதை மீண்டும் சொல்கிறேன். ஆனால் 1983 இற்கும் 1998 இற்கும் இடையில், 2003 இற்கும் 2009 இற்கும் இடையில், 2014 இற்கும் 2018 இற்கும் இடையில், 2023 இற்கும் 2025 இற்கும் இடையில் ஊரின் சார்பில் பதில் சொல்ல ஒருவராவது இருந்திருப்பார்.

இப்போது மாநகர சபை இயங்குகிறது. இத்தகைய ஏற்பாடுகளைப் பற்றிப் பேசவேண்டியது சபை இருக்கும் காலத்திலேயே. சபை இல்லாத காலத்தில் பேசினால் கேட்க ஆளிருக்காது.

1934 ஆம் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனவர்கள் எவரும் தங்கள் நூலகம் எரியும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். கையில் சில நூறு புத்தகங்களை வைத்துக்கொண்டு, இவற்றுக்கு யார் பொறுப்பு என்று முதலில் தீர்மானித்துவிட்டே கதவைத் திறந்தார்கள். கிராமத்து வாசிகசாலைகளிலும் அந்த வழக்கம் இருந்தது. அதைத்தான் எனது நிருபர்கள் வாரந்தோறும் எழுதி அனுப்பினார்கள். இடம் போதவில்லை என்று நான் வெட்டி எறிந்தேன். தொலைபேசியில் அழைத்துத் தமது பெயர் ஏன் வரவில்லை என்று கேட்டவர் வெறும் விளம்பரத்துக்காகக் கேட்டார் என்றே அன்று எண்ணினேன். இந்த ஆண்டு வாசிகசாலைக்குப் பொறுப்பானவர்களில் தாமும் ஒருவர் என்பது ஊருக்குத் தெரியவேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படியானால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.